எலெனாவின் நாடு எப்போது சேரும்? ஆக்லாந்தில் ஒரு வார இறுதி

என் தம்பி ஜெராட்டின் மனைவி எலெனா ஆக்லாந்தின் வடபகுதியான ஆல்பனியில் ஒரு சிறிய கூட்டத்தில் பேசப்போகிறாள் என்று தெரிந்ததும் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டிக்கெட் போட்டுவிட்டேன். நியூசிலாந்தில் ஜூலை குளிர்காலம், எலும்பைக் குடையும் குளிர். எலெனா வட மாசிடோனியாவைச் சேர்ந்தவள். தன் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தால் சாதாரண மக்களுக்கு என்ன நன்மை என்பதுதான் பேச்சு. இதற்காக ஒருத்தி விமானம் ஏறுவாளா என்று கேட்பீர்கள். தம்பி குடும்பத்துக்கு அது வெறும் அரசியல் இல்லை. எலெனாவின் அப்பா பிட்டோலா என்ற ஊரில் தனியாக இருக்கிறார். நாடு சேர்ந்தால் இவர்கள் ஜெர்மனியில் வேலை தேடிக்கொள்ளலாம். அங்கிருந்து அப்பா ஒரு சின்ன விமானப் பயணத் தூரம். ஆக்லாந்திலிருந்து அவரைப் பார்க்கப் போக இரண்டு நாள் ஆகும். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் இந்தக் கணக்கில்தான் வாழ்கிறார்கள்.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஆக்லாந்துக்கு ஒன்றே கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பறக்க வேண்டும். ஜெராட் விமான நிலையத்துக்கு வந்திருந்தான். எலெக்ட்ரீசியன் வேலை, வேன் முழுக்க வயர். பக்குரங்காவிலுள்ள வீட்டுக்கு இருபது கிலோமீட்டர்தான், ஆனால் வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் போனால் பொறுமை வேண்டும்.

"எலெனா எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டேன்.

"பேச்சைத் திரும்பத் திரும்ப எழுதுறாள் அக்கா. நித்திரையே இல்லை. நீங்கள் ஒண்டும் கேக்காதேங்கோ, அவளே சொல்லுவாள்."

அன்று மாலையே எலெனாவையும் ஏற்றிக்கொண்டு ஆல்பனிக்கு வேனிலேயே போனோம். முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. துறைமுகப் பாலத்தில் வாகனங்கள் நகரவே இல்லை, ஒன்றரை மணி நேரம் ஆனது. நீங்கள் போவதானால் பக்குரங்காவிலிருந்து பான்மியூருக்கு பஸ், அங்கிருந்து நகர மையத்துக்கு ரயில், பிறகு ஆல்பனி பஸ் என்று போங்கள். வடக்கே பஸ்களுக்குத் தனிப்பாதை இருக்கிறது. வங்கி அட்டையைத் தட்டினாலே போதும்.

மண்டபத்தில் நாற்காலிகள் நிறைய, ஆட்கள் கொஞ்சம். எலெனா உயர்நிலைப் பள்ளி ஆசிரியை, குரல் நடுங்கவில்லை. பல நாடுகள் ஒன்றாக முடிவெடுக்கும் அவையில் தன் சின்ன நாட்டுக்கும் ஒரு வாக்கு கிடைக்கும் என்றாள். நீதிபதியை விலைக்கு வாங்க முடியாதபடி வெளியிலிருந்து ஒரு கண் இருக்கும். கழிவுநீர் ஆற்றில் கலக்காமலிருக்கப் பணம் வரும். மிளகாய் விளைவிப்பவரின் லாரி எல்லையில் நாள் கணக்கில் நிற்காது. பிள்ளைகள் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பி வர ஒரு காரணம் இருக்கும். அவள் சொல்லச் சொல்ல, போகாத அந்த ஊர்மேல் எனக்கே ஆசை வந்தது.

முன்வரிசையில் இருந்த ஒரு மலேசியத் தமிழர் கையைத் தூக்கி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். பிறகு, நாங்கள் தமிழ் பேசுவதைக் கவனித்திருப்பார் போலும், தேநீர் நேரத்தில் தமிழிலேயே மறுபடி கேட்டார்.

"இவ்ளோ நல்லது இருக்குன்னா இன்னும் ஏன்மா சேரல?"

எலெனாவுக்கு ஜெராட்டிடம் பழகிய யாழ்ப்பாணத் தமிழ்தான் வரும். "முதல் ஒரு பக்கத்து நாடு எங்கட நாட்டுப் பேரை மாத்தச் சொன்னது. மாத்தினம். இப்ப இன்னொரு பக்கத்து நாடு அரசியல் சட்டத்தை மாத்தச் சொல்லுது. எங்கட மொழி தனி மொழி இல்லையாம். இருவது வருசமா வாசலில நிக்கிறம், அண்ணை."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் பிஸ்கட் தட்டுப் பக்கம் போனார்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. பாலத்தைத் தாண்டியதும் எலெனா என் பக்கம் திரும்பினாள்.

"மச்சாள், எங்கட மொழி தனி மொழி இல்லையெண்டு சொல்லுற அந்தப் பக்கத்து நாட்டுக் குடியுரிமைக்கு நான் போட்டிட்டன். அவை ஏற்கெனவே ஒன்றியத்தில இருக்கினம். என்ர வம்சம் அவையின்ர இனம் எண்டு கையெழுத்து வைச்சால் பாஸ்போர்ட் வரும். வைச்சிட்டன்."

அவளுடைய தம்பி முன்பே அதைச் செய்து ஜெர்மனிக்குப் போனவன். இனி இந்த வீட்டுக் கதவு உனக்குத் திறக்காது என்று சொன்ன அப்பா, அன்றிலிருந்து அவனோடு பேசுவதில்லை. அது எனக்குத் தெரியும். என் பிறப்புச் சான்றிதழில் 'இலங்கைத் தமிழர்' என்று இருக்கிறது. அதை அழித்து வேறொன்றை எழுதித் தந்தால்தான் உன் அப்பா பக்கத்தில் இருக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"நாளைக்குச் சொல்லுவன். ஒளிச்சு வைச்சுக்கொண்டு அவரின்ர முகத்தைப் பாக்க ஏலாது."

மறுநாள் காலை வீடியோவில் அவரைப் பார்த்தேன். மெலிந்த மனிதர், கழுத்தில் மப்ளர். என்னைப் பார்த்துக் கையசைத்தார். பேச்சு எப்படிப் போனது என்றுதான் முதலில் கேட்டாராம். எலெனா நேராக விஷயத்தைச் சொன்னாள். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், ஒரு வரி சொன்னார். திரை அணைந்தது.

எலெனா அடுப்பங்கரைக்குப் போய்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள். ஏற்கெனவே கழுவிவைத்த கோப்பைகள்.

"என்ன சொன்னவர்?"

"தம்பிக்குச் சொன்னதுதான் உனக்கும் எண்டு."

அவர்களுடைய மகள் ஹாலிலிருந்து எட்டிப் பார்த்து, "மாமி, இஸ் மம் ஓகே?" என்று கேட்டாள். ஓம் என்று பொய் சொன்னேன். ஜெராட் வாசலில் நின்று வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். நான்கு பேரும் அன்று முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்தோம். பார்க்க நினைத்திருந்த இடம் எதையும் நான் பார்க்கவில்லை. ஆகவே சுற்றுலாக் குறிப்பு கேட்டு எழுதாதீர்கள்.

போகிறவர்களுக்குச் சொல்ல இவ்வளவுதான்: ஜூலையில் குடையை நம்பாதீர்கள், காற்று மடக்கிவிடும், மழைக்கோட்டு வேண்டும். வெள்ளி மாலையில் பாலத்தைத் தவிருங்கள். பெரிய முடிவோடு இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் தங்கினால், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லாதீர்கள். நான் திரும்பும்போது விமான நிலையத்தில் அதைச் சொன்னேன். எலெனா மரியாதைக்குச் சிரித்தாள், அவ்வளவுதான்.

ஊர் திரும்பிச் சில வாரம் ஆகிவிட்டது. பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. அப்பா போனை எடுப்பதில்லை. அடுத்த தெருவிலுள்ள ஒரு பெண்தான் அவர் நலம் என்று தகவல் அனுப்புகிறாளாம். நேற்று எலெனாவோடு கதைத்தபோது, ஒன்றியத்தோடு பேச்சுவார்த்தை ஏதோ நகர்வதாகச் செய்தியில் பார்த்தேனே என்று ஆரம்பித்தேன்.

"நாளைக்கே சேர்ந்தாலும் என்ன மச்சாள்," என்றாள். "எங்கட தெருவில எல்லாரும் வெளிநாட்டுக்குப் போய், வீடெல்லாம் பூட்டிக் கிடக்கு. அப்பா மட்டும்தான் இருக்கிறார். அவர் எனக்குக் கதவு திறக்கமாட்டார்."