வில்லங்கம் இல்லாத வரன்கள்

முதலாளியை நினைத்தால் முதலில் அவருடைய ஆள்காட்டி விரல்தான் கண்முன் வருகிறது. பவழ மோதிரம் போட்ட தடித்த விரல். மசால் வடையைத் தின்று முடித்த கையோடு அதைக் கம்ப்யூட்டர் திரையின் மேல் வைத்து, "இது வேண்டாம்மா, அடுத்தது போ" என்பார். திரையில் எண்ணெய் வட்டம் விழும். ஒரு பெண்ணின் நெற்றியில் ஒன்று, இன்னொரு பெண்ணின் படிப்பின் மேல் ஒன்று என்று நாள் முழுக்க விழுந்துகொண்டே இருக்கும். சாயங்காலம் கடை மூடும் முன் ஈரத்துணியால் அவற்றைத் துடைப்பதும் என் வேலை. எழுத உட்கார்ந்தபோது இந்த மனிதரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டும் என்று மெனக்கெட்டு யோசித்தேன். வடை வாங்கும்போது எனக்கும் ஒன்று வாங்கித் தருவார். அதற்கு மேல் எதுவும் தேறவில்லை.

தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கடையின் மாடியில் இருந்தது அவருடைய திருமணத் தகவல் மையம். நான் அங்கே கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அதற்கு முன் அவர் நிலத் தரகர். மனை வியாபாரம் படுத்துக்கொண்டதும், ஓசூரில் வேலை பார்த்த ஒரு பையனைப் பிடித்து வலைத்தளம் ஒன்று செய்ய வைத்து இந்தத் தொழிலுக்கு வந்தார். பெயர், வயது, உயரம், நிறம், நட்சத்திரம், படிப்பு, சம்பளம், சொந்த வீடு என்று வரன்களின் விவரம் முழுக்க அதில் ஏறியிருக்கும். நமக்கு வேண்டியதைக் குறித்துக் கொடுத்தால், ஃபில்டர் வேண்டாதவர்களை மறைத்துவிட்டு மற்றவர்களை மட்டும் நிறுத்தும். தொழில் மாறியதே தவிர அவர் பேச்சு மாறவில்லை. அரசு வேலையில் இருக்கும் பெண்ணை 'மெயின் ரோட்டு மேல இருக்கிற மனை' என்பார். வயது கொஞ்சம் கூடியவளை 'ரொம்ப நாளா விலை போகாத இடம்' என்பார். அந்தப் பெண்ணின் அப்பா எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்வார். அவரும் தலையாட்டிக்கொண்டு கேட்டுக்கொள்வார்.

நிலம் வாங்கும்போது வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது போலப் பெண் எடுக்கும்போதும் பார்க்க வேண்டும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதற்கென்றே ஓசூர்ப் பையனிடம் சொல்லி 'வில்லங்கம்' என்று ஒரு கட்டம் சேர்க்க வைத்தார். பதிவு செய்ய வருகிறவர்களுக்கு டீ சொல்லி, கூடப் பிறந்த அண்ணனைப் போலப் பேசி, வீட்டு விஷயத்தை எல்லாம் கறந்துவிடுவார். அக்கா காதலித்தவனோடு போய்விட்டாளா, அப்பா குடிக்கிறாரா, தம்பிக்கு வலிப்பு வருமா, அத்தைக்கு உடம்பில் வெள்ளைத் தழும்பு இருக்கிறதா, எதுவாக இருந்தாலும் சரி. மனசு விட்டுச் சொன்னவர்கள் படியிறங்கிப் போவதற்குள் அவர்கள் பெண்ணின் பெயருக்கு நேரே ஒரு டிக் விழுந்துவிடும்.

அந்தத் தளத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரியாது. சாதாரண உறுப்பினருக்குப் போட்டோ தெரியாது. கூடுதலாகக் கட்டிய 'தங்க' உறுப்பினருக்குப் போட்டோ, ஜாதகம், போன் நம்பர் எல்லாம் தெரியும். என் லாகினில் அந்த வில்லங்கக் கட்டம் உட்பட எல்லாவற்றையும் பார்க்கலாம், ஆனால் டிக்கைப் போடவோ எடுக்கவோ முடியாது. அந்த உரிமை முதலாளியின் லாகினுக்கு மட்டும்தான். டிக் விழுந்த பெண் வேறு எந்த உறுப்பினரின் திரையிலும் வரமாட்டாள். தன் வீட்டார் லாகினில் மட்டும் பட்டுப்புடவையில் சிரித்துக்கொண்டிருப்பாள். அவர்கள் மாப்பிள்ளைகளைத் தேடித் தேடி விருப்பம் அனுப்புவார்கள். அதுவும் எங்கேயும் போய்ச் சேராது. வருடா வருடம் கட்டும் புதுப்பிப்புப் பணம் மட்டும் ஒழுங்காக முதலாளியிடம் போய்ச் சேரும். இதற்கு இந்தப் பெண்களைப் பதியாமலே விட்டுவிடலாமே என்று ஒருமுறை கேட்டேன். பதியாமல் விட்டால் இவர்கள் பணம் போகும், பதிந்து காட்டினால் தங்க உறுப்பினர்கள் போய்விடுவார்கள், இரண்டும் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் தொழில் என்று எனக்குப் பாடம் எடுத்தார்.

மாப்பிள்ளைகளுக்கு அந்தக் கட்டமே கிடையாது. "பையனுக்கு என்னாம்மா வில்லங்கம்? குடிச்சான்னா, கல்யாணம் ஆனா திருந்திடுவான்" என்றார். முதல் மனைவியை அடித்துத் துரத்திய ஒருவன் எங்களிடம் தங்க உறுப்பினராக இருந்தான். 'எதிர்பார்ப்பு: அடக்கமான குடும்பத்துப் பெண்' என்று போட்டுக்கொண்டு, தினமும் மணிக்கணக்காகப் பெண்களைக் கழித்துக் கழித்துப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனை எல்லோர் திரையிலும் முதல் வரிசையில் நிறுத்தி வைத்திருந்தார் முதலாளி.

பாப்பாரப்பட்டியிலிருந்து ஓர் அம்மாவும் மகளும் வருவார்கள். மகள் வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைப்பவள். அவளுக்கு நிச்சயம் முடிந்து, கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளை பைக் விபத்தில் இறந்துவிட்டான். பதிவு செய்ய வந்த அன்று அம்மா இதை அழுதுகொண்டே முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். முதலாளியும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். துடைத்த கையோடு டிக் போட்டிருக்கிறார். வருடம் திரும்பியும் ஒரு வரன்கூட வராததற்கு அம்மா கண்டுபிடித்த காரணம் மகளின் ஜாதகம். ஜோசியர் சொன்னபடி அமாவாசைக்கு அமாவாசை ஒகேனக்கல் பஸ் ஏறி, ஆற்றில் முழுகி, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வீடு திரும்ப வேண்டும். "வழியெல்லாம் மீன் வறுக்கற வாசனைக்கா, அதுக்கு நடுவுல வெரதம் இருக்கறதுக்குத் தனியா புண்ணியம் குடுக்கணும்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். வீட்டில் சிரிக்க வழியில்லை. சொந்தக்காரர்கள் விசேஷத்தில் அவளைப் பந்தலுக்குள் முன்னால் நிற்க விடுவதில்லை. பெற்றவளே எந்த நேரத்தில் பிறந்தாயோ என்று காலையிலேயே ஆரம்பித்துவிடுவார்.

ஒருநாள் அம்மா முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தபோது அவள் என் மேஜைக்கு அருகில் வந்து மெதுவாகக் கேட்டாள். "கல்யாணம் ஆகறது ஆகாதது இருக்கட்டும்க்கா. என்னைப் பாத்துட்டு வேண்டாம்னாங்களே, எதுக்கு வேண்டாம்னாங்க? எங்கிட்ட என்னா கொறைன்னு ஒருத்தராச்சும் சொல்லியிருந்தா, அதைத் தெரிஞ்சிக்கிட்டாவது கம்முனு இருப்பேன்." அவர்கள் போன பிறகு, அந்த டிக்கை எடுத்துவிடுங்கள் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நான் இப்படிப் பாவம் பார்ப்பேன் என்று தெரிந்துதான் என் லாகினுக்கு அந்த உரிமை தரவில்லை என்று சொல்லிப் பெருமையாகச் சிரித்தார். பல்லிடுக்கில் வடைப் பருப்பு இருந்தது.

அடுத்த முறை அவர்கள் வந்தபோது முதலாளி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். தான் முடித்து வைத்த கல்யாணம் என்றால் தாலி கட்டியதும் மேடையேறி, மாப்பிள்ளையின் சொந்த மாமனைத் தள்ளிவிட்டுப் போட்டோவுக்கு நிற்பார். வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு மாதிரித் தங்க உறுப்பினர் கணக்கு வைத்திருந்தோம். அதைத் திறந்து கீபோர்டை அந்தப் பெண்ணிடம் நகர்த்தினேன். நீயே உன்னைத் தேடிப் பார் என்றேன். தன் வயதை, உயரத்தை, நட்சத்திரத்தை, ஊரைக் கொடுத்தாள். யாரும் வரவில்லை. ஊரை எடுத்தாள். வேறு வேறு ஊர்ப் பெண்கள் வந்தார்கள். நட்சத்திரத்தை எடுத்தாள், உயரத்தை எடுத்தாள், கடைசியில் வயதையும் எடுத்துவிட்டாள். பதிவு செய்த பெண்களெல்லாம் பக்கம் பக்கமாக வந்து நின்றார்கள். அவள் மட்டும் இல்லை. நான் என் லாகினைத் திறந்து அவள் பெயரையும் அதற்கு நேரே இருந்த டிக்கையும் காட்டி, அது என்ன செய்யும் என்று சொன்னேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் தெரிந்தது நிம்மதி. "என்னை யாரும் வேண்டாம்னு சொல்லலக்கா" என்றாள். "யாரும் பாக்கவேயில்ல." பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் முதலாளியைத் திட்டவில்லை. குரலைத் தாழ்த்தி, "அந்த டிக்க எடுக்கறதுக்கு எவ்ளோ கட்டணும் பாப்பா?" என்றுதான் என்னிடம் கேட்டார். மகள் அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பி அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

முகூர்த்த மாதம். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மையத்தில் உட்கார இடமில்லாத கூட்டம். அவள் தனியாக வந்து நேரே முதலாளியின் மேஜை முன் நின்று, தங்க உறுப்பினர் கணக்கில் தன் பெயரைத் தேடிக் காட்டச் சொன்னாள். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. சர்வர் வேலை செய்யவில்லை என்றார். அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பி, நிதானமாக, தன்னைப் போன்ற பெண்களை இவர் எப்படி மறைத்து வைத்துக்கொண்டு பணம் வாங்குகிறார் என்று சொன்னாள். ஆள் இன்றோடு தொலைந்தான் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

முன்வரிசையில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமினார். பையனுக்குப் பெண் தேடுகிறவர். "அப்போ எங்களுக்கு வர்றதெல்லாம் நீங்க பாத்துக் கழிச்சு அனுப்பறதுதானுங்களா?" என்றார். முதலாளி எந்தப் பக்கம் அடி விழும் என்று தெரியாமல் மெல்லத் தலையாட்டினார். "நல்லதுங்க. நாங்க எங்க போயி விசாரிக்கறது" என்றார் அவர். ஒரு பெண்மணி எழுந்து, டிக் போட்டவர்களின் பெயர்களைத் தங்களுக்கும் காட்டினால் வெளியே தேடும்போது உதவியாக இருக்குமே என்றார். முதலாளிக்கு வேர்வை அடங்கிவிட்டது. அன்று மதியத்துக்குள் பலர் சாதாரணத்திலிருந்து தங்கத்துக்கு மாறினார்கள். அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் பெண்ணைப் பெற்றவர்கள். தன் மகளின் பெயருக்கு நேரே என்ன இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. முதலாளியை நான் வெறுத்ததுண்டு. ஆனால் வாழ்க்கையில் ஒரு கூட்டத்தையே மொத்தமாகக் கேவலமாக நினைத்தது அன்றுதான்.

அவள் தன் பதிவை நீக்கிவிடும்படி கேட்டாள். பதிவுகளின் எண்ணிக்கையைப் பெயர்ப்பலகையில் போட்டு விளம்பரம் செய்கிற மனிதர் அதற்கு எப்படிச் சம்மதிப்பார்? யாரையும் நீக்குவது வழக்கமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். காட்டவும் மாட்டார், விடவும் மாட்டார். மறுநாள் காலையில் போய் உட்கார்ந்தேன், என் பாஸ்வேர்டைத் தளம் ஏற்கவில்லை. என்னை வேலையை விட்டு நீக்கியது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. வாயைத் திறந்து போ என்று சொல்லும் தைரியம்கூட அந்த ஆளுக்கு இல்லை.

இப்போது அவர் பெரிய மனிதர். தளம் செல்போன் செயலியாகிவிட்டது. சேலம் போகிற ரோட்டில் 'வில்லங்கம் இல்லாத வரன்களுக்கு' என்று ஆளுயரப் பலகையில் கும்பிட்டபடி நிற்கிறார். பாப்பாரப்பட்டிப் பெண் சந்தைக்குப் பக்கத்தில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். மெஷின் பழுது பார்க்க வந்துபோன ஒருவர் அவளை நேரிலேயே பார்த்து, பழகி, எல்லாம் தெரிந்தே கல்யாணம் செய்துகொண்டார். அவள் அம்மா இன்றைக்கும் அதை ஒகேனக்கல் பரிகாரத்தின் பலன் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறார். அந்த அம்மாவைத் திருத்த முடியாது.

போன மாதம் ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போயிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. கையில் துணியும் கத்தரியும் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு இளம்பெண்ணின் குரல், மனப்பாடம் செய்ததை ஒப்பித்தது. பதிவு காலாவதியாகிவிட்டதாம், பல நல்ல குடும்பத்தார் அவளுக்கு விருப்பம் அனுப்பியிருக்கிறார்களாம், இன்றே புதுப்பித்தால் அவர்களின் நம்பர்களைப் பார்க்கலாமாம். எவர் திரையிலும் வராதவளுக்கு எவர் விருப்பம் அனுப்பினார்களோ. நான் திட்ட வாயெடுத்தேன், அவள் கையமர்த்தினாள். தனக்குக் கல்யாணமாகிப் பையன் பள்ளிக்கூடம் போகிறான் என்று சொல்லிவிட்டு, தன் பெயருக்கு நேரே வில்லங்கக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னாள். தன் திரையில் அப்படி எதுவும் தெரியவில்லை, அதெல்லாம் சார் மட்டும்தான் பார்ப்பார் என்றாள் அந்தப் பெண். எனக்குப் பிறகு வந்த ஆபரேட்டர்களிடமிருந்து அந்தக் கட்டத்தையே மறைத்துவிட்டார் போலும். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

அதோடு போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அந்தப் பெண் ஒப்பிக்காத குரலில் பேசினாள்.

"அக்கா, நானும் இதுலதான் பதிஞ்சிருக்கேன். பணத்தைச் சம்பளத்துல புடிச்சிக்கிறாங்க. ஒரு வரன்கூட வரல. ஜாதகந்தான் சரியில்லன்னு வூட்ல சொல்றாங்க."

பாப்பாரப்பட்டிப் பெண் கத்தரியை மேஜை மேல் வைத்தாள். வாடிக்கையாளருக்குக் காட்டும் மாதிரிக் கணக்கு இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றதும் அதைத் திறக்கச் சொன்னாள். வயதை எடுத்துவிடு, உயரத்தை எடுத்துவிடு, நட்சத்திரத்தையும் ஊரையும் எடுத்துவிடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு, உன் பேரைத் தேடு என்றாள். கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது, மறுபடி நின்றது.

"நான் இல்லக்கா."

"உங்கிட்ட ஒரு கொறையும் இல்ல கண்ணு" என்றாள் அவள். "எந்திரிச்சி வூட்டுக்குப் போ."