அத்தை மைக்கில் பேசிய அமாவாசை

எங்கள் வீட்டில் அரிசிப் பானை மூடாமல் கிடந்த நாள் உண்டு. மழைத் தண்ணீர்ப் பானை ஒருநாளும் மூடாமல் கிடந்ததில்லை. அந்தத் தண்ணீர் பேட்டரிக்கு.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். செஞ்சியில் அவர் மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அறுபதுகளில் சுற்றுப்பட்டு ஊர்கள் பலவற்றுக்குக் கரண்ட் வரவில்லை. கல்யாணமானாலும் கூழ் ஊற்றுவதானாலும் இரண்டு பேட்டரிகளைச் சேர்த்துக் கட்டித்தான் பாட்டுப் போட வேண்டும். பெயர் நைனாவுக்கு, பாடு அத்தைக்கு. அத்தை நைனாவின் அக்கா. பிள்ளை இல்லையென்று புருஷன் வீட்டார் திருப்பி அனுப்பிவிட்ட பிறகு எங்களோடுதான் இருந்தாள்.

காலையில் எழுந்ததும் பேட்டரி மூடிகளைத் திருகித் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பாள். தகடுகள் முழுகுமளவுக்கு மழைத் தண்ணீர் விடுவாள். கம்பி மாட்டும் முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை ஆப்பசோடாத் தண்ணீரில் கழுவித் துடைத்து, கிரீஸ் தடவுவாள். ஆசிட் தெறித்து ஓட்டை விழாத புடவை அவளிடம் ஒன்றுகூட இல்லை. முழுக்க இறங்கவிட்ட பேட்டரி மறுபடி எழுந்திருக்காது என்று நைனாவிடம் ஓயாமல் சொல்வாள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போன குரல் அது.

ஒரு வருஷம் இரண்டில் ஒரு பேட்டரி படுத்துவிட்டது. நைனா அதை மட்டும் மாற்றினார்.

"மாத்தினா ரெண்டையும் மாத்துடா. கெழத்தோட கட்டினா புதுசும் கெட்டுப்பூடும்."

"இன்னாக்கா, கல்யாணப் பேச்சு மாதிரி பேசற" என்று நைனா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

அந்த இரண்டையும் வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் ஓர் அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போனோம். எனக்கு அப்போது எட்டு வயது. தண்ணீர்ப் பந்தல் போட்ட ஒரு வியாபாரி எங்கள் செட்டை எடுத்திருந்தார். பாட்டுப் போட வேண்டும். நடுநடுவே காணாமல்போன பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்ன கொஞ்ச நேரத்தில் தாய்மார்கள் அலறிக்கொண்டு ஓடிவருவார்கள். பிள்ளையை இரண்டு அடி அடித்துவிட்டு, பிறகு கட்டிக்கொண்டு அழுவார்கள்.

வெயில் ஏறியபோது பொரிக்கடைக்காரர் ஒரு பையனைக் கொண்டுவந்து விட்டார். மூன்று வயதிருக்கும். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தது. சட்டை பழசு, ஆனால் துவைத்தது. இடுப்புத் துணியில் ஒரு கை பொரி முடிந்திருந்தது. ஊரைக் கேட்டால் "அம்மா" என்றான். பெயரைக் கேட்டாலும் அதையேதான் சொன்னான். நைனா மைக்கில் சொன்னார். யாரும் ஓடிவரவில்லை. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் சொன்னார். அப்போதும் வரவில்லை.

மத்தியானத்துக்குமேல் பேட்டரி இறங்கிப் பாட்டு இழுக்க ஆரம்பித்தது, நைனாவின் குரல் கம்மிக்கொண்டே போனது. அத்தை கம்பியைக் கழற்றிவிட்டாள்.

"செத்த நேரம் படுத்துக் கெடக்கட்டும். கொஞ்சம் எழுந்திரிக்கும்."

"பாட்டு இல்லாத பந்தலுக்கு எவன்மா வருவான்?" என்று வியாபாரி கத்தினார்.

"தாகம் எடுத்தவன் வருவான்."

நைனா பஸ்காரர்களிடம் பேட்டரி இரவல் கேட்கப் போய் வெறுங்கையோடு திரும்பினார். அதற்குள் பையன் அத்தை மடியில் ஏறிவிட்டிருந்தான். அவள் ஊட்டிய தயிர்சோற்றைத் தின்றுவிட்டு, புடவை ஓட்டையில் விரலை விட்டு எடுத்துச் சிரித்தான். அந்த விளையாட்டு என்னுடையது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தையோ நான் அங்கே இருப்பதையே மறந்தவள்போல அவன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவன் அவள் மடியிலேயே தூங்கிப்போனான்.

நைனா அவர்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "யாரும் வரலன்னா நீயே தூக்கிக்கினு வந்துடுக்கா. வளத்துக்கலாம். நம்மள யாரு கேக்கப்போறாங்க?"

அத்தை பையனின் முகத்தில் உட்கார்ந்த ஈயை ஓட்டினாள். பிறகு தலையைத் திருப்பாமல் கண்ணால் காட்டினாள்.

"அந்தப் புளியமரத்தாண்ட ஒருத்தி நிக்கறா பாரு. மூணு தரம் வந்து பாத்துட்டுப் போயிட்டா. தொலைச்சவளா இருந்தா ஓடியாந்திருப்பா. இவ விட்டுட்டுப் போக வந்தவ. போவவும் முடியல."

நானும் பார்த்தேன். இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு, காய்ந்த குச்சிபோல ஒரு பெண். பாட்டுக் கேட்க நிற்கிறாள் என்றுதான் நினைத்தேன். நைனா எழுந்தார். அத்தை அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கிட்ட போவாத. பயந்து ஓடிப்பூடுவா. கம்பிய மாட்டு."

"இப்ப போட்டா பேட்டரி ஒரேயடியா போயிடும்க்கா."

"போவட்டும். மாட்டு."

பையனை மடியில் வைத்தபடியே அத்தை மைக்கை வாங்கினாள். அதற்குமுன் அவள் அதில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"தாயி, உன் புள்ளை இங்கதான் இருக்கான். சாப்ட்டான், தூங்கறான். உன்ன யாரும் ஒண்ணும் கேக்கமாட்டோம். எழுந்தான்னா உன்னத்தான் தேடுவான். வந்து கூட்டிக்கினு போ தாயி..."

குரல் தேய்ந்து, கீச்சிட்டு, நின்றுபோனது. ஒலிபெருக்கிக் குழாயில் சத்தம் அடங்கிய பிறகும் அத்தை மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பெண் வந்தாள். அழவில்லை, அடிக்கவில்லை. எதிரே வந்து தலையைக் குனிந்து நின்றாள். பையன் விழித்து "அம்மா" என்று தாவினான். அத்தை மடியிலிருந்து அவனை எடுத்துக் கொடுத்தாள். எங்களுக்கென்று வைத்திருந்த புளிச்சோற்றுத் தூக்கையும் அப்படியே அவள் கையில் மாட்டிவிட்டாள். கூட்டத்தில் அவர்கள் தலை மறையும்வரை நின்று பார்த்தாள்.

பேட்டரி இல்லாத மைக்செட்டுக்கு அங்கே என்ன வேலை? வியாபாரியிடம் வசவு வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டோம். வண்டியில் அத்தையின் மடி எனக்கே திரும்பக் கிடைத்ததில் பெரிய திருப்தி. தலைவைத்துப் படுத்தேன். வழக்கம்போல அவள் என் தலையைக் கோதவில்லை. என் கன்னத்தில் சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அத்தை அழுதுகொண்டிருந்தாள்.

தினமும் தண்ணீர் விட்டுத் துடைத்து வைத்த பேட்டரி போய்விட்டதே என்று எனக்கே வருத்தமாக இருந்தது.

"அழாத அத்தே. நைனா வேற வாங்கித் தருவாரு. இந்தத் தரம் ரெண்டுமே புதுசா வாங்கச் சொல்லலாம்" என்றேன்.

"ஆமாங் கண்ணு" என்றாள் அத்தை. "ரெண்டுமே புதுசா வாங்கணும்."

நல்ல ஆறுதல் சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு நான் தூங்கிப்போனேன்.