அமெரிக்க நோட்டுக்கு வைத்த மஞ்சள்

பிள்ளைகளா, என் மாமா, அதாவது என் அம்மாவின் தம்பி, ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டத்து மோட்டார்களை ரிப்பேர் பார்த்து வந்தார். கையெல்லாம் கிரீஸ்தான். ஆனால் பழைய பண நோட்டுகளைச் சேர்த்து வைத்திருந்த ஆல்பத்தைத் தொடுவதென்றால் மட்டும் இரண்டு தடவை சோப்புப் போடுவார்.

அந்த ஆல்பத்துக்கு ராஜா ஓர் அமெரிக்க நோட்டு. போடியில் ஒரு கடைக்காரர் வீட்டு மோட்டாரைச் சரி செய்யப் போன இடத்தில், பழைய பைபிளுக்குள் இருந்ததாம். கூலிக்குப் பதிலாக அதைக் கேட்டு வாங்கி வந்துவிட்டார். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் சின்ன ஊர் பேங்குகூடத் தன் பேர் போட்டு நோட்டு விடலாமாம்.

"நம்ம ஓடைப்பட்டி பேர் போட்டு ஒரு நோட்டு வந்தா எப்படி இருக்கும்? அப்படிடா மருமகனே. இந்தா பாரு, அந்த ஊர் பேங்க்காரர் பேனாவுல போட்ட கையெழுத்து" என்பார்.

மதுரையில் ஒருவரிடம் இதே மாதிரி வேறு மூன்று ஊர்களின் நோட்டுகள் இருந்தன. மாமாவுடையது அபூர்வமான ஊர் என்பதால், ஒன்றுக்கு மூன்றாக மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் கடிதம் போட்டிருந்தார். ஒரு வாரமாக மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆல்பத்தில் மூன்று இடம்கூட ஒதுக்கிவிட்டார். என்னையும் கூட்டிப் போவதாகச் சொன்னார்.

கிளம்புகிற காலையில் அவர் குளிக்கப் போயிருந்தார். போகிற காரியம் நல்லபடியாக முடிய வேண்டுமே என்று எனக்குக் கவலை. வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் அம்மா மஞ்சள் வைத்துத்தான் எடுப்பாள். நானும் சாமி படத்தடியில் இருந்த மஞ்சளைக் குழைத்து, நோட்டின் நாலு மூலையிலும் வைத்தேன். ஊதி ஊதிக் காயவைத்து, கவருக்குள் போட்டேன்.

மதுரைக்காரர் இடுக்கியால் நோட்டை வெளியே இழுத்தார்.

"என்ன சார், பத்திரிகை வைக்க வந்தீகளா? முகூர்த்தம் என்னைக்கு?"

மாமா என்னைப் பார்த்தார். நான் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன்.

"எங்க பக்கம் நல்ல காரியத்துக்கு மஞ்சள் வைக்காமக் கிளம்ப மாட்டோம். நான்தான் வச்சேன்" என்றார் மாமா.

"வச்சீக, சரி. கறை பட்ட நோட்டை இனி யாரு வாங்குவாக?" என்று அவர் தன் மூன்று நோட்டுகளையும் உள்ளே வைத்துப் பூட்டினார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மாமா அந்தக் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வீரபாண்டி வந்தபோது என்னால் அடக்க முடியவில்லை.

"மஞ்சள் வச்சது நானு. நீங்க ஏன் மாமா உங்க பேரைச் சொன்னீக?"

"ஏலே, அதுக்காடா இம்புட்டு நேரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த?" மாமா சிரிக்க ஆரம்பித்தார். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

வீட்டில் அம்மா, "என்ன சொன்னாக?" என்று கேட்டாள். "வேற ஆளு பாப்போம்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கைகழுவப் போனார்.

அடுத்த மாதமே திருச்சியில் ஓர் ஆள் இருப்பதாகத் தகவல் வந்தது. அதே நோட்டை எடுத்துக்கொண்டு மாமா கிளம்பினார். "வாடா" என்று என்னையும் கூப்பிட்டார். காரியத்தைக் கெடுத்தவனை மறுபடியும் ஏன் கூட்டிப் போகிறார் என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை. ஜன்னல் சீட்டு கிடைக்குமா என்பதுதான் அன்றைக்கு என் ஒரே கவலை.