‘கோ’வும் கருப்பையா அண்ணனின் பஸ்ஸும்

கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுத் தொலைத்தேன். போன செவ்வாய்க்கிழமையிலிருந்து என்மீதே எனக்கு எரிச்சல்!

நான் பத்திரிகையில் எழுதும் கேள்வி-பதிலுக்குப் பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர் – ஜவுளிக்கடைக்காரர் – ‘கோ’ என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று எழுதிக் கேட்டிருந்தார். ‘போ’ என்று ஒரே சொல்லில் பதில் போட்டிருக்கலாம். சும்மா இருந்தேனா? காலையிலேயே அகராதியைத் தூக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன்.

பத்தி பத்தியாக நீளுகிறது! மெஷின் ஓடினாலும் ‘கோ’. பால் கெட்டாலும் ‘கோ’. ஒருவருக்குப் புத்தி பேதலித்தாலும் ‘கோ’. சரி, இறந்தகாலமாவது சொந்தச் சரக்கா? இல்லை... ‘வென்ட்’ என்பது இன்னொரு வினைச்சொல்லிடமிருந்து எடுத்துக்கொண்டதாம். உலகத்தையே ஆண்ட பாஷைக்கு ஏன் இந்தப் பிழைப்பு?

அந்த நேரம் பார்த்து, தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துப் பக்கமிருந்து கருப்பையா அண்ணன் வந்தார். எங்கள் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர். வெளுத்த வேட்டி, கையில் ஒரு நீளக் கவர். நான் யோசிக்காமல் வாயைத் திறந்தேன்.

“எங்கண்ணே போறீங்க?”

மனிதர் அப்படியே நின்றுவிட்டார். புறப்பட்டவரிடம் ‘எங்கே’ என்று கேட்டால் காரியம் கெடும் என்பது எங்கள் வழக்கம். ‘தூரமாண்ணே?’ என்றுதான் கேட்கவேண்டும். எனக்குத் தெரியாததா? ஆனால் மண்டை முழுக்க இங்கிலீஷ்!

“என்ன சார், காலங்காத்தால இப்படிக் கேட்டுப்புட்டீங்க... இன்னிக்கித்தான் பதுளையில பிரஜாவுரிமை விசாரணை. பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க.”

“ஐயோ, நான் கேட்டத விடுங்க! பஸ் வந்துரும், ஓடுங்க!”

கேட்பாரா? லயத்துக்குத் திரும்பி, உட்கார்ந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்து, சாமி கும்பிட்டு, புதிதாகப் புறப்பட்டார். அவர் ரோட்டுக்கு இறங்கும்போது பஸ் வளைவைத் தாண்டியிருந்தது. அடுத்த பஸ் பத்தரைக்கு.

மனசு கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லியனுப்பிவிட்டு நானும் கூடப் போனேன். அங்கே அவர் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். இந்த மலையிலேயே பிறந்த மனிதர், இங்கேயே இருக்கிறேன் என்று சொல்வதற்குத்தான் இத்தனை பாடு! கெஞ்சிப் பார்த்தேன். கிளார்க் ஃபைலை மூடினார்.

“மறுபடி கடிதம் வரும். அப்ப வாங்க.”

எப்போது வரும்? அது அந்தக் கிளார்க்குக்கே தெரியாது.

திரும்பும்போது பஸ்ஸில் வெடித்துவிட்டேன். “ஒரு செம்புத் தண்ணிக்காக இவ்வளவு பெரிய காரியத்தக் கோட்டை விட்டுட்டீங்களேண்ணே! இந்தக் காலத்துல இதெல்லாம் பாக்கலாமா?”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினார்.

“எந் தம்பி இங்க பிரஜாவுரிமை கெடைக்காம குடும்பத்தோட இந்தியாவுக்குப் பொறப்பட்டப்போ, ஸ்டேசன்ல ஒருத்தரும் அவன எங்க போறேன்னு கேக்கல சார். நானுங் கேக்கல. கேட்டிருந்தா... தண்ணி குடிக்கவாவது ஒருவாட்டி வீட்டுக்குத் திரும்பியிருப்பான்.”

கோபப்படக்கூட விடமாட்டேன் என்கிறாரே இந்த மனிதர்!