வில்லிக்கு எம் மூக்கு

எம் பேத்தி வரைஞ்ச வில்லனைப் பாத்து நான் சிரிச்சுட்டேன். பயப்பட வேண்டிய ஆளைப் பாத்து ஒருத்தி வாயில சேலையப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா, வரைஞ்சவளுக்கு எப்படி இருக்கும்? உர்ருன்னு ஆயிட்டா.

மகன் பெத்த பேத்தி. காலேஜ் முடிச்சிட்டு, பந்தல்குடிக்குப் பக்கத்துல எங்க ஊருல வீட்டுக்குள்ளயே ஒக்காந்து, பொம்மைப் படத்துக்குக் கதையும் படமும் போட்டுக் குடுக்கா. கம்பெனி மெட்ராசுல. கம்பெனிக்காரவுக மூஞ்சிய நான் பாத்ததில்ல. அவ காதுல மாட்டுற ஒயருக்குள்ள கெடந்து என்னமோ கத்துவாக, இவ இங்க தலைய ஆட்டுவா.

கதை இதுதான். மேகத்துக்கு மேல ஒரு நாடு. அங்க ஒரு ராணி. மழையப் பூராம் சாடியில அடைச்சு வச்சுக்கிட்டு, வேண்டப்பட்டவுகளுக்கு மட்டும் தொறந்து விடுவா. அவளை எதுத்து ஒருத்தன் புரட்சி பண்ணுறான். அவந்தான் வில்லன். அந்த வில்லன் நம்புற மாதிரி இல்லைன்னு கம்பெனியில திருப்பி அனுப்பிட்டாக. இது தேறலைன்னா கதை வேற ஆளுக்குப் போயிரும், இவ வேலையும் போயிரும். வேலை போச்சுன்னா மல்லாங்கிணத்துல ஒரு மாப்பிள்ளை வீடு காத்துக்கிட்டுக் கெடக்கு. எம் மகன் அவுகளுக்கு 'சரி'ன்னு சொல்ல நாக்கை நனைச்சு வச்சிருக்கான்.

"மாப்பிள்ளை நல்லவருதானாம் அப்பத்தா. ஆனா எனக்கு இந்த மேசைய விட்டு எந்திரிக்க மனசில்ல"ன்னா. 

படத்தைக் காட்டுனா. கொம்பு, பொகை, செவப்புக் கண்ணு. மலை உச்சியில நின்னு கெக்கெக்கேன்னு சிரிக்கான்.

"ஏத்தா, இவன் எதுக்குத் தனியா நின்னு சிரிக்கான்?"

"வில்லன்னா சிரிப்பான் அப்பத்தா."

"தனியா சிரிக்கிறவன் பின்னாடி எவன் சண்டைக்குப் போவான்? பிள்ளைகளத் தூக்கிக்கிட்டுக் கதவைச் சாத்தமாட்டாக? சரி, என்ன சொல்லுறான்?"

"இந்த உலகத்தையே கொளுத்திருவேங்கான்."

"கொளுத்திட்டு எங்க குடியிருக்கப் போறானாம்? நம்ம பக்கத்து எம்.ரெட்டியபட்டியிலயா?"

கேலி பண்ணுனதோட நிப்பாட்டியிருக்கலாம். யோசனை வேற சொன்னேன். மீசையப் பெருசாக்கு, ராணி தங்கச்சிய இவனுக்குப் பேசி, கடைசியில குடுக்காம ஏமாத்திட்டாகன்னு வையின்னேன். பாவம், அவளும் வச்சு அனுப்புனா. மீசையோட திரும்பி வந்துச்சு. கடைசியா இன்னொரு தடவ பாப்போம்னுட்டாக கம்பெனியில. அதுக்கப்புறம் நான் பக்கத்துல போனாலே கம்ப்யூட்டர மூடிக்கிருவா.

இந்தச் சமயத்துலதான் நான் தெருவுல புரட்சி பண்ணுனேன்.

எங்க தெருவுக்குத் தண்ணி லாரி எப்ப வரும்னு அதை ஓட்டுறவனுக்கே தெரியாது. அதனால பொம்பளைக காலையிலயே குடத்தை வரிசையில வச்சிட்டுப் பருத்தி எடுக்கப் போயிருவாக. குடம் நின்னா ஆளு நின்ன மாதிரி. லாரி வந்தா வீட்ல கெடக்குற எங்கள மாதிரி கெழடு கட்டைக அந்தக் குடத்துலயும் பிடிச்சு வச்சிருவோம். ரொம்ப நாளாவே இப்படித்தான். இதுல மாடி வீட்டுக்காரி என்ன செய்வான்னா, அண்டா, குண்டா, பெயிண்டு டப்பா, பிள்ளைகளக் குளிப்பாட்டுற டப்பு எல்லாத்தையும் கொண்டாந்து வரிசை முன்னால அடுக்கிருவா. அவ டப்பு நெறையிறதுக்குள்ள லாரி காலி.

ஒரு நா ஞாயித்துக்கெழம, எல்லாரும் வீட்ல இருந்தாக. எனக்கு வந்துச்சு பாருங்க ஆங்காரம். நடுத்தெருவுல நின்னு, "குடத்துக்குக் காலா இருக்கு, வரிசையில நிக்க? இனிமே ஆளு நின்னாத்தான் தண்ணி!"ன்னேன். கைதட்டுனா கைதட்டு, அப்படி ஒரு கைதட்டு. பக்கத்து வீட்டுக்காரி இருக்காளே, தெனமும் பருத்திக்குப் போறவ, அவ விரலை வாயில வச்சு விசிலே அடிச்சுட்டா. அன்னைக்கு மட்டும் எலெக்‌ஷன் வச்சிருந்தா நாந்தான் தலைவி.

அடுத்த லாரி உச்சி வெயில்ல வந்துச்சு. பொம்பளைக எல்லாரும் காட்டுல. மொத ஆளா நான் நின்னேன். சட்டம் போட்டவளே மீறக் கூடாதுல்ல, அதனால ஆளில்லாத குடத்தையெல்லாம் காலாலயே சாக்கடை ஓரமா ஒதுக்கிவிட்டேன். மாடி வீட்டுக்காரி மாமியா, மருமக, மகன், கொழுந்தன்னு ஒரு ஊரையே கூட்டியாந்து வரிசையா நிப்பாட்டிட்டா. அவ வீட்ல ஆளுக்கா பஞ்சம்? டப்பு வரைக்கும் நெறைஞ்சு போச்சு.

பொழுது சாய, பக்கத்து வீட்டுக்காரி தலையில பஞ்சு ஒட்டுனபடி வந்தா. அவ குடம் சாக்கடை ஓரத்துல கவுந்து கெடக்கு. எங்க வாசல்ல பேத்தி ஒக்காந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருக்கா.

"என்ன அத்த இது?"

"சட்டம்னா சட்டந்தான்டி. இன்னைக்கு ஒனக்காக வளைச்சா, நாளைக்கு அந்த மாடி வீட்டுக்காரியும் வளைப்பா."

இப்பவும் கேக்குறேன், இதுல என்ன தப்பு?

அவ குடத்தை எடுத்து முந்தானையால சேத்தைத் தொடச்சா. "நீங்க சொல்றது நாயந்தான் அத்த. அன்னைக்கு விசிலடிச்சதும் நாந்தான். ஆனா எங்குடம் காலியால்ல கெடக்கு?"

"எங்குடத்துல ஒண்ணத் தூக்கிட்டுப் போ"ன்னேன். ஒண்ணும் வேணாமுன்னு போயிட்டா.

பேத்தி விறுவிறுன்னு உள்ள போயி கம்ப்யூட்டரத் தொறந்தா. சோத்துக்குக் கூப்புட்டாலும் வரல.

மறுநா காட்டுனா. கொம்பு இல்ல, பொகை இல்ல, மீசையும் போச்சு. வில்லன் போயி வில்லி வந்திருக்கா. மெதுவாப் பேசுறா, அவ பேசுறது பூராமே சரியா இருக்கு. ராணிகிட்ட இருந்து சாடியப் பிடுங்கி, 'மலையேறி வாரவுகளுக்கெல்லாம் மழை'ங்கா. சனம் ஆர்ப்பரிக்கி. ஆனா கீழ உழுதுக்கிட்டு இருக்கவளுக்கு மலையேற ஏது நேரம்? மொதல்ல இவளுக்காகச் சங்கு ஊதுனவளே வெறுங்குடத்தோட வந்து நிக்கா. வில்லி குரலையே ஒசத்தாம, 'சட்டம்னா சட்டந்தான்'ங்கா.

நான் கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிட்டு உத்துப் பாத்தேன்.

"ஏண்டி, இது எம் மூக்குல்ல?"

"ஆமா."

"நாயம் கேட்டவளையா வில்லியாக்குன?"

"தான் வில்லின்னு அவளுக்கே தெரியக் கூடாது அப்பத்தா. அதுக்கு ஒன்னைய விட நல்ல ஆளுக்கு நான் எங்க போவேன்?"

அனுப்புறதுக்கு முன்னால பக்கத்து வீட்டுக்காரியக் கூப்புட்டுக் காட்டுனா. "இந்தப் பொம்பள சொல்றது சரிதான?"ன்னுக்கிட்டே பாத்தவ, வெறுங்குடம் வந்ததும் கம்ப்யூட்டரத் தன் பக்கம் இழுத்துக்கிட்டா. அப்புறம் "அடிப்பாவி"ன்னா. அதைப் படத்தைப் பாத்துச் சொல்லல, என்னையப் பாத்துச் சொன்னா.

மறுநா விடியக்காலம் நான் வாசல் தெளிக்கேன். தெருவுல பருத்திக்குப் போற பொம்பளைக குடமெல்லாம், வீட்டுக்கு ஒண்ணா, மறுபடியும் வரிசையில நிக்கி. அண்டா இல்ல, டப்பு இல்ல. பக்கத்து வீட்டுக்காரி தூக்குவாளியோட ஷேர் ஆட்டோவுல ஏறிக்கிட்டே, "அத்த, வீட்லதான இருக்கீக? குடத்துக்குக் காவல் இருங்க, வாரேன்!"ன்னா. ஆட்டோவே சிரிக்கி. நானும் ஒரு நாற்காலியத் தூக்கிப் போட்டு ஒக்காந்தேன். வேற என்ன செய்ய? மாடி வீட்டுக்காரி டப்போட வந்தா, என்னையப் பாத்தா, அப்படியே திரும்பிப் போயிட்டா. ஒருத்தியாவது என்னையக் கண்டு பயப்படுறாளேன்னு ஒரு சந்தோசம்.

பேத்தி அதையும் விடல. வில்லிய மலையில இருந்து உருட்டி விடணும்னு கம்பெனியில சொல்லியிருந்தாகளாம். இவ மாத்தி அனுப்பிட்டா. கடைசியில வில்லி வெறுங்குடங்களுக்குக் காவல் ஒக்காந்திருக்கா. மொகத்துல இன்னமும், நாஞ்சொன்னதுதான் சரிங்கிற திமிரு.

நாலஞ்சு நா கழிச்சுப் பதிலு வந்துச்சு. பேத்தி ஒயரக் கழட்டிட்டு, "தேறிருச்சு அப்பத்தா! இவ கெட்டவளா நல்லவளான்னு அவுகளுக்குள்ளயே சண்டையாம்"னா. மல்லாங்கிணத்துக்கு எம் மகன் இன்னும் பதிலு சொல்லல, நாக்கு காஞ்சு போச்சு.

"வேற ஒண்ணும் சொல்லலையா?"ன்னேன்.

"ஒரே ஒரு திருத்தம்தான். ஆளு நம்புற மாதிரி இருக்காம். மூக்குதான் நம்புற மாதிரி இல்லையாம், சின்னதாக்கச் சொல்லிட்டாக."

என்னைய வில்லியாக்குனதக்கூட விட்டுருவேன். இதை விடமாட்டேன்.