தானாக மாறும் மொட்டைமாடிகள்

சட்டையின் கீழ்நுனியால் கைப்பேசியின் கண்ணைத் துடைக்கிறார். ஊதுகிறார். மறுபடி துடைக்கிறார். மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் ஆன்டெனாக் குடைக்கும் நடுவே கால்களை அகட்டி நின்று ஒரே ஒரு படம் எடுக்கிறார். இரண்டாவது எடுப்பதில்லை. "நல்லா வந்தா சரி. இல்லேன்னா என்ன, இந்த லிஃப்ட் மறுபடி கெடாமலா போயிடும்?" என்கிறார். அதற்குப் பிறகுதான் முழங்கை வரை அப்பியிருக்கும் கிரீஸைப் பற்றிய நினைப்பே அவருக்கு வருகிறது.

லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள், தலைக்கு மேலே தொங்கும் இரும்பு வடங்களோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆனால் லிஃப்ட்டை இழுக்கும் மோட்டார் பெரும்பாலும் கட்டடத்தின் உச்சியில் இருக்கும்; அந்த அறையை ஒட்டியே மொட்டைமாடிக் கதவும் இருக்கும். வேலை முடிந்ததும் அதைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளிச்சத்துக்கு வருவார். அப்போது எடுப்பதுதான் அந்தப் படம். எங்கள் குடியிருப்பில் அவருக்கு 'மேல்மாடி' என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது. அவருக்கு வருத்தமும் இல்லை. "மேல்மாடி காலின்னு யாரும் சொல்லலியே, அதுவே பெரிசு" என்று சிரிப்பார்.

லிஃப்ட்டுகளை அவர் சொந்தக்காரப் பெண்களாகவே பாவித்துப் பேசுவார். "ஆஸ்பத்திரிக்காரி தங்கம் சார். ஒரு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டது கிடையாது. ஜவுளிக்கடைக்காரியும் நல்லவதான், கதவுதான் கோவக்காரி." எந்த லிஃப்ட்டில் ஏறினாலும் உள்ளங்கையை அதன் சுவரில் பதித்துக் கண்ணை மூடிக்கொள்வார். நாடி பார்க்கிறாராம். யாராவது பொறுமையில்லாமல் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தால் அவருக்குப் பொறுக்காது. "ஒரு தடவை கூப்பிட்டா போதும்ங்க. அவளுக்குக் காது நல்லாக் கேக்கும்."

இப்பேர்ப்பட்டவர் குடியிருக்கும் எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அவர் வீடு நான்காவது மாடியில். நான் அவருக்கு நேர் கீழே. "உங்க சொந்தக்காரி ஒருத்தியக் கூட்டிட்டு வந்து இங்கயும் குடிவைக்கக் கூடாதா?" என்று நாங்கள் கேலி செய்வதுண்டு. போன வருடம் வரை அவரும் கூடச் சிரித்தார்.

அவர் மனைவி மெய்ப்புத் திருத்துபவர். பதிப்பகங்களிலிருந்து வரும் பக்கங்களில், மிகக் கூடாத இடத்தில் மிகுந்த ஒற்றையும், திறந்துவிட்டு மூட மறந்த அடைப்புக்குறியையும் பிடித்து இழுத்து வெளியே போடுவார். பால் பாக்கெட்டில் அச்சடித்திருப்பதைக்கூடப் பேனாவால் சரி செய்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் 'திருத்தம்மா'. போன மழைக்காலத்தில் ஒரு நாள், திருத்திய தாள்கட்டோடு இறங்கும்போது ஈரப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. "இனிமே நடக்க நடக்கத்தான் சரியாகும்" என்றார் மருத்துவர். வீட்டுக்குள் நடந்தார். படியில் மட்டும் காலை வைக்க மறுத்துவிட்டார். பிறகு வீட்டுக்குள் நடப்பதும் குறைந்தது. பதிப்பகங்களிலிருந்து வந்த தாள்கட்டுகள் பிரிக்காமலே திரும்பிப் போயின. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

ஒரு மாலை மேல்மாடி தன் வீட்டுக்கு ஏறாமல் என் வாசலிலேயே கருவிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "எலும்பு சேந்துடுச்சுன்னு டாக்டர் படம் எடுத்துக் காட்டிட்டாரு சார். பயத்துக்கு எங்க போய்ப் படம் எடுக்கிறது?" என்றார். கருவிப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே, "ஊர் ஜனத்தையெல்லாம் ஏத்தி இறக்குறேன். வீட்டுல இருக்கிறது ஒருத்தி. அவள இறக்க எனக்கு வழி தெரியல" என்றார்.

வழி கட்டிலின் கால்மாட்டிலேயே இருந்தது. மனைவி வேலைக்காக வாங்கிய பழைய கணினி அது. நொண்டியடித்துக்கொண்டிருந்ததைக் கடைக்காரர் ஒருவர் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு ஓட வைத்திருந்தார். அதன் திரையில் எப்போதும் ஒரு நீலத் துணி விரித்தாற்போல வெறும் நிறம். சும்மா இருக்கட்டுமே என்று ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரி மொட்டைமாடியின் படத்தை அங்கே வால்பேப்பராகப் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். மாலையில் வந்தபோது சுவர்ப்பக்கமிருந்து குரல் வந்தது. "இது எந்த இடம்?"

கேட்டது அவ்வளவுதான். அவர் விட்டால்தானே. மறுநாள் வேறொரு மாடி. ஆனால் பகல் முழுவதும் ஒரே படம் நின்றால் மனுஷிக்கு அலுக்காதா? அவர் வீட்டில் இல்லாதபோதும் அதுவே மாற வேண்டும். அதற்குக் கணினிக்குச் சில கட்டளை வரிகளை எழுதி வைக்க வேண்டும், அதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர் என்று எங்கோ படித்துத் தெரிந்துகொண்டார்.

"ஒண்ணும் பெரிய வித்தை இல்ல சார்" என்று எனக்கு விளக்கினார். "ஃபோல்டருக்குள்ள கைய விடு, கண்ண மூடிக்கிட்டு ஒரு படத்த எடு, திரையில மாட்டு. லிஃப்ட்டுல இருக்கிற பலகையும் இதைத்தானே செய்யுது? கூப்பிட்டாங்களா, எந்த மாடின்னு பாரு, போ, கதவத் திற."

பெரிய வித்தையாகத்தான் இருந்தது. கையால் ஓட்டினால் படம் மாறியது. குறித்த நேரத்துக்கு ஒருமுறை தானாக ஓடும்படி லினக்ஸின் அட்டவணையில் எழுதிவைத்தால் மாறவில்லை. நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார். படியேறும்போது தனக்குத்தானே பேசினார். ஒரு நாள் என் கதவைப் படபடவென்று தட்டினார். "பிடிச்சுட்டேன் சார்! தானா ஓடுறவன் பின்னாடி எங்கயோ தனியா ஓடுறான். அவனுக்கு எந்தத் திரைன்னே தெரியாது. நாம ஓட்டும்போது நாம எதிர்ல உக்காந்திருக்கோம், அதனால தெரியுது. 'இதுதான்டா உன் திரை'ன்னு ஒரு வரி எழுதினேன். பளிச்சுன்னு வந்து நிக்குது!"

அதோடும் முடியவில்லை. சில படங்கள் வந்தன. சில படங்களின் முறை வரும்போது திரை அசையாமல் கல்லாக நின்றது. பிழைச் செய்தியை உரக்கப் படித்தார். தன் வரியையும் உரக்கப் படித்தார். கணினியைத் திட்டினார். அப்போது கட்டில் கிறீச்சிட்டது. திருத்தம்மா புரண்டு, முழங்கையை ஊன்றி எழுந்து, திரையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"படத்துக்கெல்லாம் என்ன பேரு வச்சிருக்கீங்க?"

"ஜவுளிக்கடை மாடி. ஆஸ்பத்திரி பழைய கட்டடம். ஏன்?"

"நடுவுல இடம் விட்டிருக்கீங்களே. ஜவுளிக்கடை தனி, மாடி தனின்னுதானே அது படிக்கும்? பேரு எங்க தொடங்குது, எங்க முடியுதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? மேற்கோள்குறி போடுங்க."

போட்டார். மறுபடியும் பிழை.

"திறந்தீங்க சரி. மூடுறது யாரு, எதிர்வீட்டுக்காரரா?"

மூடினார். ஜவுளிக்கடை மாடி திரை முழுக்க விரிந்தது.

அன்று மேல்மாடி எங்கள் கட்டடத்தில் ஒரு வாசல் விடாமல் நின்று சொல்லிவிட்டு வந்தார். தேர்வில் முதலாவதாக வந்த பிள்ளையின் தகப்பன் முகம் போல இருந்தது அவர் முகம். "ஸ்கிரிப்ட் என்னுது, திருத்தம் அவளுது" என்றார். கேட்டவர்களில் பாதிப் பேருக்கு லினக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் எல்லோரும் கை கொடுத்தார்கள்.

திருத்தம்மா அதன்பின் சுவரைப் பார்த்துப் படுக்கவில்லை. தலையணையைச் சாய்த்துவைத்து, திரையை மெய்ப்புப் பார்க்க ஆரம்பித்தார். "இது சாஞ்சிருக்கு." "இதுல உங்க கட்டைவிரல் எதுக்கு?" "இது ஏற்கெனவே வந்த மாடி, வேற பக்கமா நின்னு எடுத்து என்னை ஏமாத்தப் பாக்கிறீங்க." மேல்மாடி அத்தனையையும் கைகட்டிக் கேட்டுக்கொண்டார். தள்ளுபடியான படங்களை ஃபோல்டரிலிருந்து எடுத்தார்.

ஒரு விடுமுறை நாளில் ஓர் உயரமான அலுவலகக் கட்டடத்தின் மாடி திரையில் வந்தது. கூரைகள் வரிசையாக ஓடி, கடைசியில் வெளுத்த ஒரு கோடு. அது ஏரி என்றார் அவர். மூடுபனி என்றார் மனைவி. நான் அப்போது அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வாக்குவாதம் சூடுபிடிக்கும்போது படம் மாறிவிட்டது.

"எங்க போச்சு? கொண்டு வாங்க அத."

"அது குலுக்கலாச்சே. மறுபடி எப்ப வரும்னு எழுதின எனக்கே தெரியாது."

திருத்தம்மா தலையணையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "மூலப்படியோட ஒப்பிட்டுப் பாக்காம நான் எதையும் விட்டதில்ல" என்றார். "நேர்லயே பாத்துடுறேன்."

நான் கிளம்பும்போது மேல்மாடி வாசல் வரை வந்தார். அந்தக் குறிப்பிட்ட படத்தை வரவழைக்க முடியாதா என்று கேட்டேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வரி அடிச்சா வந்து நிக்கும் சார். சொல்வேனா நான்?"

கைத்தடியோடு படிப்பயிற்சி தொடங்கியது. முதலில் என் வாசல் வரை. நான் ஒரு நாற்காலியை வெளியே போட்டு வைத்தேன். ஒவ்வொரு மாடிக்காரரும் அப்படியே ஒன்றைப் போட்டார்கள். சில நாள் வந்தார். சில நாள் கதவே திறக்கவில்லை. தான் விழுந்த படிக்கு வந்த அன்று வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் வந்த மேல்மாடி ஒரு படி மேலேயே நின்றுகொண்டார். "தேஞ்சு போயிருக்கு இது. அவனவன் பாத்துட்டும் பேசாம போறான்" என்று சொல்லிவிட்டு அதைத் தாண்டி இறங்கினார் திருத்தம்மா. அடுத்த வாரமே கட்டடச் சங்கத்தார் அந்தப் படியைப் பூசிக் கொடுத்தார்கள்.

போக வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் மேல்மாடி அந்த அலுவலகக் கட்டடத்திலேயே கிடந்தார். லிஃப்ட் ஓடும் தண்டவாளம் நெடுகிலும் எண்ணெய் போட்டார். "நாளைக்குக் குலுங்கினா நான் உன்னோட பேச மாட்டேன்" என்று அதனிடம் சொல்லிவிட்டு வந்ததாக அவரே சொன்னார்.

காலையில் வாடகைக் காரில் மூவரும் போனோம். வாசல் காவலாளி கையை நீட்டித் தடுத்தார். "வெளியாளுங்கள மேல விடக் கூடாதுங்க. இவங்க யாரு?"

மேல்மாடி நிமிர்ந்து நின்றார். "இவங்களா? எங்க கம்ப்யூட்டர்ல விட்டுப்போன பிழையக் கண்டுபிடிச்சவங்க. இப்ப உங்க மாடியச் சரி பாக்க வந்திருக்காங்க."

காவலாளிக்கு என்ன புரிந்ததோ, நாற்காலியை விட்டு எழுந்து வழி விட்டார்.

லிஃப்ட் குலுங்கவில்லை. கடைசி மாடிக்கு மேல் சில இரும்புப் படிகள். திருத்தம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறினார். மேல்மாடி கதவைத் தோளால் தள்ளினார். வெளியே கூரைகள் ஓடின. அவற்றின் கோடியில் அந்தக் கோடு மினுமினுவென்று அசைந்தது.

"ஏரிதான்" என்று ஒப்புக்கொண்டார் திருத்தம்மா. பிறகு, "இவ்வளவு காத்து படத்துல இல்லையே" என்றார்.

காற்று அவர் முடியைப் பிரித்து முகத்தில் அடித்தது. பார்வை மறைந்தது. "இதக் கொஞ்சம் பிடிங்க" என்று கைத்தடியைக் கணவரிடம் நீட்டிவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கூந்தலை அள்ளி முடியத் தொடங்கினார். கண்கள் ஏரியிலேயே இருந்தன. தடியை வாங்கியவர், சத்தமில்லாமல் ஓரடி பின்வாங்கி, அதைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.