இனிக்கிற கூரை

என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு உடைக்கிறதுதான் வேலை. பழைய இரும்புக் கடைக்குப் பின்னாடி தகரக் கொட்டகையில உட்கார்ந்து, செத்துப்போன லாரி பேட்டரியைக் கோடாலியால பிளந்து, உள்ள இருக்கிற ஈயத் தகட்டை உருவணும். சட்டை பூரா ஆசிட் தெறிச்ச ஓட்டை. தெருவுல அவருக்குப் பேரே ‘பேட்டரி’தான்.

பகல்ல உடைக்கிற மனுஷன், சாயங்காலம் வந்தா ஒட்ட ஆரம்பிச்சுடுவாரு. அறுந்த செருப்பு, குடைக்காம்பு, என் மூக்குக்கண்ணாடி, எதையும் தூக்கிப்போட விடமாட்டாரு. என் புருஷன் போனதுலேருந்து நானும் அவங்களோடதான் இருக்கேன். “தம்பி, இது வீடா, உங்க கடையோட கிளையா?”ன்னு கேப்பேன். என் கட்டிலடியில இருக்கிற பழந்துணி மூட்டையைக் காட்டி, “ஈயத்தைப் பார்த்து இளிச்சதாம் பித்தளை”ன்னு சிரிப்பாரு. எனக்குச் சுருக்குனு இருக்கும், ஆனாலும் சிரிச்சுடுவேன்.

அவங்க ஒரே பொண்ணு பாப்பாவுக்கு நாலு வயசு. வாய் ஓயாது. படப் புத்தகத்துல தேவதையைப் பார்த்துட்டு, “மழை வந்தா இது எங்கேப்பா தூங்கும்?”னு பிடிச்சுக்கிச்சு. அவ்வளவுதான், அப்பன் தேவதைக்கு ஒரு குட்டி வீடு கட்ட இறங்கிட்டாரு. சுவருக்கு மரப்பட்டை. கதவுக்கு ஐஸ் குச்சி. தீப்பெட்டி கட்டில் ஆச்சு, டார்ச் பல்பு விளக்கு ஆச்சு.

கூரைதான் படுத்தி எடுத்துச்சு. காஞ்ச இலை பொடிஞ்சு போச்சு. தகர டப்பாவை வெட்டி, ஓரத்துல விரலை வெச்சுப் பார்த்து, “வேணாம், பிள்ளை கையைக் கிழிச்சிடும்”னு போட்டுட்டாரு. மறுநாள் கடையிலேருந்து ஈயத் துண்டு கொண்டுவந்தாரு. கத்தரிக்கோலுக்குத் துணி மாதிரி அடங்குச்சு. ஓரமும் மழுங்கல். சின்னச் சின்னதா வெட்டி, ஓடு மாதிரி அடுக்கினாரு. அடேயப்பா, என்ன அழகு! நானே எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

பாப்பா அதை விட்டு நகரல. படுக்கையிலயும் பக்கத்துல வேணும். கூரைக்கு முத்தம் கொடுத்துட்டுத்தான் தூங்கும். “இனிக்குது பெரியம்மா”ன்னு ஒரு நாள் சப்புக்கொட்டிச்சு. நாங்க மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்.

அப்புறம் வயித்து வலி. பூச்சியா இருக்கும்னு மருந்து கொடுத்தோம். சோறு இறங்கல, முகம் வெளுத்துச்சு, நடக்கும்போது தடுமாறுச்சு. அந்த ஓயாத வாய் கொஞ்சம் கொஞ்சமா ஓய்ஞ்சது. ஒரு காலையில கை கால் இழுத்துக்கிச்சு, தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, அப்பா என்ன வேலைன்னு கேட்டாங்க. சொன்னாரு. “அங்கேருந்து வீட்டுக்கு ஏதாவது எடுத்துட்டு வருவீங்களா?”ன்னாங்க. என் தங்கச்சி முந்திக்கிட்டா. “அதை ஏன் கேக்கறீங்க! குடி கிடையாது, சீட்டு கிடையாது, பொண்ணுதான் அவருக்கு உலகம். அவளுக்கு ஒரு குட்டி மாளிகையே கட்டிக் கொடுத்திருக்காரு. கூரை முழுக்க ஈயம்”னு அவ்வளவு பெருமையாச் சொன்னா. டாக்டரம்மா எழுதறதை நிறுத்திட்டாங்க.

“பேட்டரி ஈயம் விஷம்மா, நாக்குக்கு இனிக்கும். ரத்தத்துல இருக்கிறதை மருந்து கொடுத்து இறக்கலாம். மூளையில கெட்டது திரும்புமான்னு என்னால சொல்ல முடியாது”ன்னாங்க.

“தகரம் கிழிச்சிடும்னுதாங்க…” அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாரு மனுஷன். “படுபாவி! பெத்த பிள்ளைக்கு விஷத்தைக் கொடுத்துட்டியே!”ன்னு ஆஸ்பத்திரின்னும் பார்க்காம கத்தினேன். தங்கச்சி அவரு பக்கம் திரும்பாம பிள்ளையோட போர்வையைச் சரிபண்ணினா. அவ கத்தியிருந்தாக்கூட அவரு தாங்கியிருப்பாரு.

அந்தக் குட்டி வீட்டை, டாக்டரம்மா சொன்னபடி மூட்டை கட்டி வெளியேத்தினோம். அவரு கோடாலியை விட்டுட்டு இப்ப மூட்டை தூக்கறாரு. பாப்பாவும் வீட்டுக்கு வந்துடுச்சு. சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடக்குது. ஏதோ சொல்ல வரும், பாதியிலேயே நின்னுடும்.

போன வாரம் மறுபடியும் உட்கார்ந்தாரு. களிமண் சுவர், விதையெல்லாம் வெச்சு ஜன்னல், மரப்பட்டைக் கூரை. நடுநடுவுல எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கிட்டே செஞ்சாரு. முடிச்சு, பாப்பா முன்னாடி வெச்சாரு. தங்கச்சி கதவோரம் நின்னு பார்த்தா.

பாப்பா ரொம்ப நேரம் பார்த்துச்சு. அப்புறம் குனிஞ்சு கூரையை நக்கிச்சு. முகத்தைச் சுளிச்சுக்கிட்டு வீட்டைத் தள்ளிவிட்டுச்சு.

“இனிக்கலப்பா.”

ஆஸ்பத்திரியிலேருந்து வந்த பிறகு அது முழுசாச் சொன்ன முதல் பேச்சு அதுதான். அவரு வீட்டை எடுத்து ஓரமா வெச்சுட்டு, மறுபடியும் கை கழுவப் போனாரு.